பனியன் கம்பெனிக்கு டேட்டாபேஸ் டிசைன்: சாயப்பட்டறையில் கிடக்கிற துணியை எந்த டேபிளில் வைக்கிறது?

பல்லடம் பொண்ணு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கோயம்புத்தூர்ல எம்.சி.ஏ. ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். இந்த செமஸ்டர்ல தொழில் நிறுவனங்களுக்கான தகவல் அமைப்பு உருவாக்குறதும் டேட்டாபேஸ் டிசைனும் சேர்ந்த ஒரு பேப்பர் இருக்கு. நிஜமா நடக்கிற ஒரு தொழிலை எடுத்துக்கணும். அங்கே போய்க் கேட்டு, ஈ.ஆர். டயகிராம் (எந்தத் தகவல் எதோட எப்படிச் சேருதுன்னு காட்டற படம்) வரைஞ்சு, டேபிள்களை மூன்றாம் நார்மல் ஃபார்முக்கு (ஒரே தகவல் ரெண்டு இடத்துல வராம பிரிச்சு வைக்கிற ஒழுங்கு) கொண்டுவந்து, சின்னதா ஓட்டியும் காட்டணும்.

எங்க பெரியப்பா திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கார். 38 மெஷின். உள்ளூர் மார்க்கெட்டுக்கு ஆம்பளைங்க பனியனும் டி-ஷர்ட்டும். நூல் வாங்கி நிட்டிங்குக்குக் கொடுப்பாங்க. அப்புறம் சாயம், காம்பேக்டிங் (துணி பின்னாடி சுருங்காம இருக்கப் பண்ற வேலை) எல்லாம் வெளியே கூலிக்குக் கொடுக்கிற ஜாப் ஒர்க். கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் மட்டும் உள்ளே.

ரெண்டு வாரம் வீட்ல உட்கார்ந்து 11 டேபிள் போட்டேன். கஸ்டமர், சப்ளையர், ஜாப் ஒர்க்கர், ஐட்டம், ஆர்டர், டிசி (சரக்கு கூட அனுப்பற டெலிவரி சலான்), இன்வாய்ஸ் இப்படி. துணி டேபிள்ல "இருப்பு"ன்னு ஒரு காலம் (column) வெச்சேன். வந்தா கூட்டு, போனா கழி. அதை எடுத்துட்டுப் போய்க் கணக்குப் பார்க்கிற அக்காகிட்ட காட்டினேன். அவங்க ரொம்ப நேரம் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "சாயத்துக்குப் போன 412 கிலோ இதுல எங்க கண்ணு இருக்கு?"

என்கிட்ட பதில் இல்லை. துணி குடோன்ல இல்லை, அதனால இருப்புல கழிச்சாச்சு. ஆனா அது பெரியப்பாவோட துணிதான். வெளியே கிடக்கு, அவ்வளவுதான்.

அக்கா டிசி புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாங்க. 412.500 கிலோ கிரே துணி (சாயம் போடாத துணி) போயிருக்கு. முதல்ல 250.300 கிலோ திரும்பி வந்திருக்கு. நாலு நாள் கழிச்சு 142.100. மீதி 20.100 என்ன ஆச்சுன்னு கேட்டேன். "லாஸா இருக்கலாம், இன்னும் ஒரு ரோல் அங்கேயே இருக்கலாம், கேக்கணும்"னாங்க. டிசியோட பின்பக்கத்துல பென்சில்ல "பாக்கி?"ன்னு எழுதியிருந்துச்சு. அந்தக் கேள்விக்குறியை நான் எந்தக் காலத்துல போடுறது?

இன்னும் ரெண்டு சந்தேகம். பனியன் 75ல இருந்து 100 வரைக்கும் ஆறு சைஸ். ஆர்டர் டேபிள்ல ஆறு காலம் போட்டிருக்கேன், வகுப்புல தப்புன்னாங்க, ஆனா கம்பெனி நோட்டுலயும் அப்படித்தான் ஆறு கட்டம் போட்டு எழுதறாங்க. அடுத்தது, இன்வாய்ஸ்ல கஸ்டமர் விலாசம், வரி சதவீதம் எல்லாம் மறுபடி வெக்கலாமா? வெச்சா ஒரே தகவல் ரெண்டு இடத்துல வருது, நார்மலைசேஷனுக்கு விரோதம் இல்லையா?

இந்த மாசக் கடைசியில ரிவ்யூ. தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

பேரேடு எழுதியது:

அம்மணி, உங்க அக்கா கேட்ட கேள்வி உங்க ரிவ்யூவுல வெளியில இருந்து வர்ற எந்த எக்ஸ்டெர்னல் எக்ஸாமினரும் கேட்க மாட்டார். அவ்வளவு நல்ல கேள்வி. அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க.

நான் 2004ல இருந்து திருப்பூர்ல பனியன் கம்பெனிகளுக்கு ப்ரோக்ராம் எழுதிக் கொடுக்கிறேன். நீங்க வீட்ல உட்கார்ந்து 11 டேபிள் போட்டது தப்பில்லை, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஆனா இப்ப அந்தத் தாளை மடிச்சு வெச்சுட்டு, கம்பெனியில ஓடற காகிதம் எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு வாங்குங்க. நூல் வந்த பில், நிட்டிங் டிசி, சாய டிசி, கட்டிங் நோட்டு, தையல் டாலி, சனிக்கிழமை சம்பளத் தாள். ஒவ்வொரு காகிதத்துலயும் ஒரு வரியை மட்டும் விரல் வெச்சு, "இந்த ஒரு வரி எந்த ஒரு நடப்பைச் சொல்லுது?"ன்னு கேளுங்க. பதிலை ஒரே வாக்கியத்துல சொல்ல முடிஞ்சா அது ஒரு டேபிள். "இதுவும் சொல்லுது, அதுவும் சொல்லுது"ன்னு இழுத்தா அங்கே ரெண்டு டேபிள் ஒளிஞ்சிருக்கு.

அச்சடிச்ச கட்டத்தை விட ஓரத்துல பென்சில்ல எழுதினது முக்கியம். அச்சடிச்சவருக்குத் தெரியாத ஒரு தேவை அங்கே இருக்குன்னு அர்த்தம். அந்த "பாக்கி?" வெறும் குறிப்பு இல்லை. உங்க டிசைன்ல இல்லாத ஒரு டேபிள் அது.

"இருப்பு" காலத்துக்கு வருவோம். பழைய மண்டிக் கடைகள்ல நாள்வழி எழுதிப் பேரேட்டுல ஏத்துவாங்க. பேரேட்டுல எழுதினதை யாரும் அழிக்க மாட்டாங்க. தப்பா எழுதிட்டா எதிர்ப்பக்கம் ஒரு வரி எழுதி நேர் பண்ணுவாங்க. பாக்கி எவ்வளவுன்னு கேட்டா, வரிகளைக் கூட்டிச் சொல்லுவாங்க. நீங்க "இருப்பு"ன்னு ஒரு காலம் வெச்சு அதையே கூட்டிக் கழிச்சா, ஒவ்வொரு தடவையும் பழசை அழிச்சுட்டுப் புதுசு எழுதறீங்க. நாளைக்கு 20 கிலோ குறைஞ்சா எந்த நாள், யார் கையில குறைஞ்சதுன்னு சொல்ல ஒரு தடயமும் இருக்காது.

அதனால இருப்பைச் சேமிக்காதீங்க, நடமாட்டத்தைச் சேமிங்க. முதல்ல "இடம்"னு ஒரு டேபிள். நம்ம குடோன் ஒரு இடம். நிட்டிங்காரர் ஒரு இடம். சாயப்பட்டறை ஒரு இடம். கட்டிங் டேபிள் ஒரு இடம். ப்ராசஸ் லாஸும் (வேலையில வீணாகிற எடை) ஒரு இடம், இதை மட்டும் விட்டுடாதீங்க. அப்புறம் "நடமாட்டம்"னு ஒரு டேபிள். ஒவ்வொரு வரியிலயும் தேதி, லாட் நம்பர் (ஒண்ணா அனுப்பற துணிக்குக் கொடுக்கிற எண்), எந்த இடத்துல இருந்து, எந்த இடத்துக்கு, எத்தனை கிலோ, எந்த டிசி.

உங்க 412 கிலோவை இதுல போட்டுப் பார்க்கலாம். தேதி நானே போட்டுக்கறேன்.

3ஆம் தேதி: குடோனில் இருந்து சாயப்பட்டறைக்கு, 412.500
9ஆம் தேதி: சாயப்பட்டறையில் இருந்து குடோனுக்கு, 250.300
13ஆம் தேதி: சாயப்பட்டறையில் இருந்து குடோனுக்கு, 142.100

இப்ப சாயப்பட்டறைக்கு வந்ததைக் கூட்டி, போனதைக் கழிங்க. 20.100 நிக்குது. அதுதான் அக்காவோட பென்சில் கேள்விக்குறி. அதை எங்கேயும் தனியா எழுத வேண்டியதில்லை, கணக்கே சொல்லிடுது. பட்டறையில கேட்டு "லாட் முடிஞ்சுது, மீதி லாஸ்"னு சொன்ன அன்னிக்கு நாலாவதா ஒரு வரி: சாயப்பட்டறையில் இருந்து ப்ராசஸ் லாஸுக்கு, 20.100. பட்டறை பாக்கி சைபர். லாஸ் 4.87 சதவீதம்னு தானா வரும். ஒரு ரோல் கிடைச்சுதுன்னா அந்த வரிக்குப் பதிலா குடோனுக்கு இன்னொரு வரி.

கவனிக்க வேண்டியது ஒண்ணு. போகும்போது கிரே, வரும்போது நேவி ப்ளூ. துணியோட பேரே மாறிடுது. அதனால பட்டறைப் பாக்கியைத் துணி வகை வெச்சுக் கூட்டினா கிரே 412 பாக்கின்னும், நேவி மைனஸ் 392ன்னும் காட்டும். லாட் நம்பர் வெச்சுத்தான் கூட்டணும். லாட் நம்பர் போடாம எந்த வரியும் உள்ளே போகக்கூடாதுன்னு டேட்டாபேஸ் மட்டத்துலயே கட்டுப்பாடு வைங்க. திரையில மட்டும் வெச்சா பத்தாது.

தினமும் கூட்டினா மெதுவாகாதான்னு உங்க வகுப்புப் பசங்க கேப்பாங்க. 38 மெஷின் கம்பெனியில ஒரு நாளைக்கு 30 வரி வந்தாலும் வருஷத்துக்கு 9,000 வரி. சாதாரண கம்ப்யூட்டர் இதைக் கண் இமைக்கிறதுக்குள்ள கூட்டும். எடையை மட்டும் ஃப்ளோட்ல (தசம எண்ணைத் தோராயமா வைக்கிற வகை) வைக்காதீங்க. மூணு தசம இடம் உள்ள டெசிமல்ல வைங்க. ஃப்ளோட்ல 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினா சரியா 0.3 வராது. வருஷக் கடைசியில அந்தத் துளி எல்லாம் சேர்ந்து நிக்கும், ஆடிட்டர் முன்னாடி விளக்கம் சொல்ல முடியாது.

இன்வாய்ஸ்ல விலாசம், வரி பத்திக் கேட்டீங்க. இதுக்கு நான் ஒரு நடந்த கதை சொல்லணும்.

2006ல ஒரு கம்பெனிக்குத் தையல் சம்பள ப்ரோக்ராம் எழுதினேன். பீஸ் ரேட்டை வேலை மாஸ்டர்ல வெச்சேன், அதாவது தையல் வகையில ஓவர்லாக்குக்கு இத்தனை காசு, ஃபிளாட்லாக்குக்கு இத்தனை காசுன்னு ஒரே இடத்துல. சம்பளத் தாள்ல பீஸ் எண்ணிக்கை மட்டும். ரெண்டையும் பெருக்கிக் காட்டும். மூன்றாம் நார்மல் ஃபார்ம், சுத்தமா இருக்குன்னு எனக்கு அவ்வளவு திருப்தி. அப்புறம் ஓவர்லாக் ரேட்டை 60 காசுல இருந்து 68 காசா ஏத்தினாங்க. மாஸ்டர்ல ஒரே இடத்துல மாத்தினேன். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு அம்மா, பேங்க்ல கடனுக்குக் கொடுக்கணும்னு பழைய சம்பளத் தாளை எல்லாம் பிரிண்ட் கேட்டாங்க. எடுத்துக் கொடுத்தாங்க. ஒரு வாரத்துல 1,600 பீஸ் தெச்சிருக்காங்க. தாள்ல 1,088 ரூபாய்னு வந்துச்சு. அவங்க கையில வாங்கினது 960.

அவங்க சத்தம் போடலை. தாளை மேஜைல வெச்சு, "கம்ப்யூட்டர்ல 1,088 இருக்குது, எனக்கு 960 தானே தந்தீங்க"ன்னு மட்டும் கேட்டாங்க. பக்கத்துல நின்ன நாலு பேர் அவங்கவங்க கணக்கை நினைச்சுப் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. சூப்பர்வைசர் எடுத்துச் சொன்னார், யாரும் நம்பலை. எப்படி நம்புவாங்க? அவங்க கையில இருந்த காகிதம் முதலாளியோட காகிதம். அந்த 128 ரூபாயைக் கம்பெனி கொடுத்துருச்சு. ஆனா அந்த முகங்களை நான் இன்னிக்கும் மறக்கலை. அந்தத் தப்பு முழுக்க என் டிசைனோடது.

"ஓவர்லாக் ரேட் இன்னிக்கு என்ன"ங்கிறது ஒரு தகவல். "அந்த வாரம் அந்தம்மாவுக்கு எந்த ரேட்ல போட்டோம்"ங்கிறது வேற தகவல். எண் ஒண்ணா இருக்கலாம், தகவல் ஒண்ணு இல்லை. ரெண்டையும் வெச்சா அது இரட்டிப்பு ஆகாது. இன்வாய்ஸும் அப்படித்தான். ஜி.எஸ்.டி.யைப் பாருங்க. 2025 செப்டம்பர் 22க்கு முன்னாடி, பீஸ் 1,000 ரூபாய்க்குள்ள இருந்தா உடுப்புக்கு 5 சதவீதம், மேல போனா 12. அன்னியில இருந்து 2,500 வரைக்கும் 5, அதுக்கு மேல 18. 1,450 ரூபாய் டி-ஷர்ட்டை செப்டம்பர் 20ஆம் தேதி பில் போட்டிருந்தா 12 சதவீதம். வரியை ஐட்டம் மாஸ்டர்ல மட்டும் வெச்சிருந்தா இன்னிக்கு ரீபிரிண்ட் எடுக்கிறப்போ 5னு வரும். போட்ட பில்லு மாறிப்போச்சுன்னா அது பில்லே இல்லை. அதனால விலை, வரி, விலாசம் மூணையும் பில் போடற நேரத்துல அந்தப் பில்லுலயே எழுதிப் பூட்டிடுங்க. மாஸ்டர்ல வரிக்குத் தனி டேபிள் வெச்சு, எந்தத் தேதியில இருந்து, எந்த விலை வரைக்கும், எத்தனை சதவீதம்னு போடுங்க.

சைஸ் விஷயம் சாக்பீஸ் மேடம் எழுதினா நல்லா இருக்கும். அவங்க பாடம் எடுக்கிறவங்க.

சாக்பீஸ் எழுதியது:

கூப்பிட்டதால் வந்தேன். பேரேடு சார் சொன்ன நடமாட்ட டேபிளை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், நான் என் மாணவர்களுக்கும் இனி அந்த 412 கிலோவைத்தான் உதாரணமாகச் சொல்லப் போகிறேன்.

சைஸ் கேள்வி. நோட்டில் ஆறு கட்டம் இருப்பது எழுதுகிறவர் கண்ணுக்கு வசதி. டேபிளில் ஆறு காலம் இருந்தால், நாளை 105 சைஸ் ஆர்டர் வந்தால் டேபிளையும் மாற்றி, திரையையும் மாற்றி, அறிக்கைகளையும் மாற்ற வேண்டும். குழந்தைகள் பனியன் ஆரம்பித்தால் அந்த ஆறு காலமும் காலியாக நிற்கும். ஆர்டர் எண், ஸ்டைல், கலர், சைஸ், எண்ணிக்கை என்று ஒரு சைஸுக்கு ஒரு வரி வையுங்கள். திரையில் காட்டும்போது மட்டும் பழையபடி கட்டம் கட்டமாகக் காட்டுங்கள். அவர்கள் பழக்கமும் கெடாது, உங்கள் டேபிளும் கெடாது.

எட்கர் காட் ஐ.பி.எம்.மில் இருந்தபடி 1970இல் ரிலேஷனல் மாடல் கட்டுரையை எழுதியபோது அவர் முன்வைத்த குறையே இதுதான்: தரவை உள்ளே வைத்திருக்கும் விதம் மாறினால் ப்ரோக்ராம்கள் உடைந்துபோகின்றன. ஒரு கட்டத்துக்குள் ஒரு மதிப்புதான் என்ற முதல் விதி (முதல் நார்மல் ஃபார்ம்) அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது நார்மல் ஃபார்ம்கள் 1971இல் வந்தன. பாய்ஸ்–காட் நார்மல் ஃபார்ம் 1974இல். நீங்கள் வரைகிற ஈ.ஆர். டயகிராம் பீட்டர் சென் 1976இல் கொடுத்தது. வரிசையைச் சொல்வது மனப்பாடத்துக்கு இல்லை. ஒவ்வொன்றும் முந்தையதில் தப்பித்த ஒரு ஓட்டையை அடைக்க வந்தது என்று பார்த்தால் பயம் போய்விடும்.

உங்கள் டிசியையே எடுத்துக்கொள்வோம். டிசியின் ஒவ்வொரு வரியையும் வைக்கிற டேபிளின் சாவி (ஒரு வரியை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம்), டிசி எண்ணும் வரிசை எண்ணும் சேர்ந்தது. அதில் "சாயப்பட்டறை பெயர்" என்று ஒரு காலம் வைத்தால், அதைத் தீர்மானிப்பது டிசி எண் மட்டும்தான், வரிசை எண்ணுக்கு அதில் வேலையே இல்லை. சாவியின் பாதியை மட்டும் நம்பி நிற்கிறது. டிசி தலைப்பு டேபிளுக்கு அனுப்புங்கள், அது இரண்டாம் ஃபார்ம். அந்தத் தலைப்பில் பட்டறையின் ஜி.எஸ்.டி. எண்ணையும் வைத்தால், அதைத் தீர்மானிப்பது டிசி அல்ல, பட்டறை. பட்டறை டேபிளுக்கு அனுப்புங்கள், அது மூன்றாம் ஃபார்ம். எந்தக் காலத்தைப் பார்த்தாலும் "உன்னைத் தீர்மானிப்பது யார்?" என்று கேளுங்கள். "அந்த வரியின் சாவி, முழுச் சாவி" என்று பதில் வந்தால் அது சரியான வீட்டில் இருக்கிறது. பேரேடு சார் பில்லின் வரியிலேயே (row) எழுதச் சொன்ன விலையும் இந்தக் கேள்வியில் தேறிவிடுகிறது, ஏனென்றால் அந்த விலையைத் தீர்மானிப்பது அந்தப் பில் வரிதான்.

இரண்டு சாவிகளில் வழக்கமாக மாணவர்கள் சறுக்குகிறார்கள். டிசி எண்ணும் பில் எண்ணும் ஒவ்வொரு ஏப்ரல் 1ஆம் தேதியும் மறுபடி 1இல் தொடங்கும் பழக்கம் பல கம்பெனிகளில் உண்டு. ஜி.எஸ்.டி. விதியும் ஒரு நிதியாண்டுக்குள் எண் திரும்ப வரக்கூடாது என்றுதான் சொல்கிறது. ஆக நிதியாண்டையும் சேர்த்தால்தான் தனித்த சாவி. இன்னொன்று, ஜி.எஸ்.டி. எண்ணைக் கஸ்டமரின் சாவியாக வைத்துவிடுவது. 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. அடுத்த பத்து பான் எண். ஒரே வியாபாரிக்கு ஈரோட்டிலும் பாலக்காட்டிலும் கடை இருந்தால் அவருக்கு இரண்டு எண். அதனால் கஸ்டமர் ஒரு டேபிள், அவருடைய பதிவுகள் இன்னொரு டேபிள். எந்தப் பதிவுக்குப் பில் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது மாநிலத்துக்குள் விற்றால் வரும் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி.யா, வெளிமாநிலத்துக்கு விற்றால் வரும் ஐ.ஜி.எஸ்.டி.யா என்பது முடிவாகும்.

டிசி நோட்டு எழுதியது:

நான் படிச்சது பி.காம்., கம்ப்யூட்டர் படிப்பு இல்லை. ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ்ல ஒன்பது வருஷமா என்ட்ரி போடறேன். எங்க பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு.

வண்டி வாசல்ல நிக்கும், டிரைவர் அவசரப்படுத்துவார். அப்பத் திரையில 14 கட்டம் வந்து எல்லாத்தையும் நிரப்பு, இல்லாட்டி சேவ் ஆகாதுன்னா நாங்க என்ன பண்ணுவோம்? வாய்க்கு வந்த நம்பரை அடிப்போம். பில் நம்பர்ல 1, 11, 111ன்னு இருக்கிற கம்பெனி எத்தனையோ. சரக்கு முதல்ல வரும், ஜாப் ஒர்க் பில் பத்து நாள் கழிச்சு வரும். அந்தக் கட்டம் காலியா இருக்கலாம்னு விட்டுருங்க. லாட், எடை, ரோல் எண்ணிக்கை, வண்டி நம்பர் இவ்வளவு மட்டும் கட்டாயம் ஆக்குங்க. அப்புறம் "பில் வராத டிசி"ன்னு ஒரு லிஸ்ட் கொடுங்க, நாங்களே ஒண்ணொண்ணா முடிச்சிருவோம்.

ரோல் எண்ணிக்கை ரொம்ப முக்கியம் தங்கச்சி. எடை ஈரத்துல ஏறும் இறங்கும், ரோல் ஏறாது. உங்க அக்கா "ஒரு ரோல் அங்கேயே இருக்கலாம்"னு சொன்னாங்கல்ல, 412 கிலோ எத்தனை ரோலாப் போச்சுன்னு டிசியில பாருங்க. திரும்பி வந்த ரெண்டு டிசியிலயும் ரோலை எண்ணுங்க. அங்கேயே பதில் இருக்கும்.

இன்னொண்ணு. ஜாப் ஒர்க்குக்குப் போன துணி ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி வரணும், இல்லாட்டி அனுப்பின தேதியிலயே வித்ததா எடுத்துக்கிட்டு வரி கேப்பாங்க. ஐ.டி.சி.-04ன்னு ஒரு படிவம் இதுக்குன்னே போடறோம். எது எது ஒரு வருஷத்தை நெருங்குதுன்னு காட்டற லிஸ்ட் ஒண்ணு இருந்தா உங்க அக்கா கும்பிடுவாங்க. மார்ச்ல நாங்க டிசி புத்தகத்தை எல்லாம் தரையில பரப்பி வெச்சுக்கிட்டுத் தேடுறோம்.

பல்லடம் பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து சனிக்கிழமை முழுக்க கம்பெனியில இருந்தேன். பேரேடு அண்ணா சொன்ன மாதிரி ஒன்பது வகைக் காகிதம் வாங்கி, ஒவ்வொண்ணுக்கும் "இந்த வரி என்ன சொல்லுது"ன்னு நோட்டுல எழுதினேன். 11 டேபிள்ல நாலு காணாமப் போச்சு, புதுசா ஆறு வந்துச்சு. சம்பளத் தாள்ல ரேட்டை எழுதிட்டேன்.

டிசி நோட்டு அக்கா, ரோலை எண்ணிட்டேன். போனது 17. வந்தது 10, அப்புறம் 7. ஆக ரோல் எதுவும் அங்கே இல்லை, 20.100 முழுக்க லாஸ்தான். கணக்கு அக்காகிட்ட காட்டினப்போ அந்தப் பென்சில் கேள்விக்குறியை அவங்களே ரப்பர் வெச்சு அழிச்சாங்க.

ஆனா அப்பத்தான் இன்னொண்ணு சொன்னாங்க. 250.300ம் 142.100ம் சாயப்பட்டறையில இருந்து நேரா நம்மகிட்ட வரலையாம். சாயம் முடிஞ்சு, அங்கிருந்தே காம்பேக்டிங் போய், காம்பேக்டிங்காரர் எடை போட்டு அனுப்பினதாம். நம்ம குடோன் நடுவுல வரவே இல்லை. அப்ப நான் போட்ட ரெண்டாவது, மூணாவது வரியே தப்பு இல்லையா? அந்த 20 கிலோ சாயத்துல போச்சா, காம்பேக்டிங்ல போச்சா?

பேரேடு எழுதியது:

தப்புத்தான், ஆனா டேபிள் தப்பில்லை. "இருந்து", "க்கு"ன்னு ரெண்டு காலம் இருக்கிறதால நம்ம குடோனைத் தொடாமலே ஒரு வரி எழுதலாம்: சாயப்பட்டறையில் இருந்து காம்பேக்டிங்குக்கு. ஒரு ஜாப் ஒர்க்கர்கிட்ட இருந்து நேரா இன்னொருத்தருக்கு அனுப்பச் சட்டத்துலயும் இடம் இருக்கு. அப்புறம் காம்பேக்டிங்ல இருந்து குடோனுக்கு 250.300, 142.100. லாஸ் வரி ரெண்டா பிரியும், சாயத்துக்கு ஒண்ணு, காம்பேக்டிங்குக்கு ஒண்ணு.

அந்த நடு வரியோட எடை உங்ககிட்ட இல்லை. அது நம்ம டிசி இல்லை, பட்டறைக்காரர் போட்ட டிசி. நம்ம ஆபீஸுக்கு அதோட நகல் வருதா, வந்தா எந்த ஃபைல்ல போகுது, வராட்டி காம்பேக்டிங்காரர் வெச்சிருக்காரா, இவ்வளவும் தெரிஞ்சாதான் அந்தத் திரையை யார் நிரப்பறதுன்னு சொல்ல முடியும். திங்கட்கிழமை காலையில, வண்டிங்க வர்றதுக்கு முன்னாடி போய் அக்காகிட்ட கேளுங்க. கேட்டுட்டு இங்கே எழுதுங்க, மீதியைப் பார்ப்போம்.